பன்றிகளுக்கு நான் வைத்த மாம்பழ விருந்து

யூடியூப் பார்த்து விவசாயம் கற்றவனை நம்பி யாரும் கன்றுகளை ஒப்படைக்கக் கூடாது. என் மச்சினன் முருகேசன் ஒப்படைத்தான். பட்டாளத்துக்காரன். செண்பகத்தோப்புப் பக்கம் தன் தோட்டத்தில் தென்னங்கன்றுகளை நட்டுவிட்டு, "மச்சான், இது காய்ச்சதும் வேலையை விட்டுட்டு ஊரோட வந்துருவேன். அதுவரைக்கும் பாத்துக்கோங்க" என்று எல்லைக்குப் போய்விட்டான்.

நான் ராஜபாளையத்தில் நூல் மில் சூப்பர்வைசர். மழை முன்போல் இல்லை, கிணறும் சரியாக ஊறவில்லை. தண்ணீரைச் சிக்கனமாகப் பாய்ச்சச் சொட்டுநீர் போட்டேன். (அதோடு நிறுத்தியிருக்கலாம்.) ஈரம் காயாமலிருக்க, கன்றுகளைச் சுற்றிச் சருகைப் பரப்பி மூடாக்கு போட்டேன். (அதோடாவது நிறுத்தியிருக்கலாம்.) மாம்பழ சீசன் வேறு. மண்டியில் அழுகிய சப்பட்டை ரக மாம்பழத்தைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். உரத்துக்கு உரம், ஈரத்துக்கு ஈரம் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மூடாக்குக்கு அடியில் புதைத்தேன்.

என் மனைவி செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, மலையடிவாரத்துல மாம்பழத்தைப் பரப்பி வைக்கியளே, பன்னி வராதா?"

"மண்ணுல இருக்க கார்பனைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன். (எனக்கும் தெரியாது.)

மறுநாள் காலையில் போனால், தோட்டமே உழுது போட்டதுபோல் கிடந்தது. காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து பழத்தைத் தின்றுவிட்டு, கன்றுகளையும் பெயர்த்துக் குருத்தைக் கடித்துத் துப்பியிருந்தன. சொட்டுநீர்க் குழாய் துண்டு துண்டாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து முருகேசன் வீடியோ காலில் வந்தான். "கன்னைக் காட்டுங்க மச்சான்."

நான் போனைத் தூக்கி மலையைக் காட்டினேன்.

"மலை நல்லாத்தான் இருக்கு. கன்னு எங்க?"

செல்வி போனைப் பிடுங்கித் தரையைக் காட்டினாள். அவன், "பன்னிக்காவது வயிறு நெறஞ்சுதா மச்சான்?" என்றான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

திரும்ப நட்டோம். அவன் சர்வீஸை நீட்டித்துக்கொண்டான்.

இப்போதும் வீட்டு விசேஷத்தில் நான் சாம்பார் வாளியைத் தூக்கினால், "ஏலே, இவரு பந்தி வச்சா மலையில இருந்துல்லா ஆளு வரும்!" என்று யாராவது கத்துவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முருகேசனின் மகள் மட்டும் என் கையைப் பிடித்து, "மாமா, எங்கப்பா எப்ப ஊரோட வருவாக?" என்று கேட்பாள்.

"தென்னை காய்க்கட்டும் தாயி" என்பேன். வேறென்ன சொல்ல?