ஊதா மனிதர் படுத்திருந்த இடம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஆர்ட்டு சாரைப் போல் என்னை அலுக்க வைத்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை. என் பெண்ணுக்கு வரன் தேடி அலைந்த காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து வந்து என் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். பெயரை யாரும் கேட்கவில்லை. "மனுஷனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை வெச்சு ஆர்ட் பண்றேன்" என்று வந்த அன்றே சொன்னதால் ஊர் அவரை ஆர்ட்டு சார் ஆக்கிவிட்டது. படம் வரைவாராக்கும் என்று நினைத்தேன். வரைந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

முதலில் ஏரிக்கரை வேப்பமரத்துக்குச் சிவப்புப் புடவை சுற்றினார். மரமும் நம்மைப் போல் ஓர் உயிர் என்று காட்டவாம். மறுநாள் காலை மரத்தடியில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமை பொங்கலே வைத்துவிட்டார்கள். புடவையை அவிழ்க்கப் போனவரை நாலு பேர் அடிக்க வந்தார்கள். "வுட்டுருங்கபா, அவரு ஒரு மாதிரி" என்று கெஞ்சி மீட்டு வந்தேன். வரும் வழியில், "ஊரே பங்கெடுத்துக்கிட்ட ஆர்ட் இது சார்" என்றார்.

அடுத்து என் கழனியைக் கேட்டார். இலை ஊதாவாக வளரும் நெல் ஒன்று இருக்கிறதாம். பச்சைப் பயிருக்கு நடுவே அதை நட்டு, படுத்துத் தூங்கும் மனிதர் ஒருவரை வளர்க்கப் போகிறாராம். பார்க்க ஒரு கண்காட்சிக்காரர் வருவார், பிடித்தால் இவருக்கு முதல் கண்காட்சி. "இல்லேன்னா எங்க அண்ணன் டைல்ஸ் கடையில போய் உக்கார வேண்டியதுதான்" என்றார். எப்போதும் சிரிக்கிறவர் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சரி, நட்டுத் தொலையுங்கள் என்றேன்.

கயிறு கட்டித் தனியாளாகச் சேற்றில் நின்று நட்டார். பயிர் வளர்ந்ததும் மோட்டார் கொட்டகை மேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். முழங்கால் வலியோடு ஏறினேன். ஊதா நிறத்தில் ஓர் ஆள் கைகாலை நீட்டிப் படுத்திருந்தார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

கண்காட்சிக்காரர் வருவதற்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் வாலாஜாபாத் போயிருந்தோம். திரும்பியபோது களையெடுக்கும் முனியம்மா தன் ஆட்களோடு வரப்பில் பெருமையாக நின்றிருந்தார்.

"இன்னாண்ணா, உன் கயினில இம்மாங் கலப்பு நெல்லு? வெத குடுத்தவன் நல்லா ஏமாத்திகீறான். ஒண்ணு வுடாம புடுங்கிட்டோம்."

வேறு ரக நெல் கண்ணில் பட்டால் சொல்லாமலே பிடுங்கிப் போடுவது எங்கள் பக்கத்துப் பெண்களின் நல்ல மனசு. ஊதா மனிதர் வரப்பில் கட்டுக் கட்டாகக் கிடந்தார்.

ஆர்ட்டு சார் கொட்டகை மேல் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, "விரல் வரைக்கும் சுத்தமா எடுத்திருக்கீங்கம்மா" என்றார்.

"பின்ன? அரகொறையா வேல செய்வமா?" என்றார் முனியம்மா. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார் மனுஷன்.

மறுநாள் கண்காட்சிக்காரர் கொட்டகை மேல் நின்றார்; முனியம்மாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பச்சைக்கு நடுவே ஆள் வடிவத்தில் வெறும் தண்ணீர், அதில் வானம். "மனுஷன் இல்லாத இயற்கை. பிரமாதம். எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார். ஆர்ட்டு சார் தலையை ஆட்டினால் போதும். ஆட்டும் ஐயா என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"நான் நட்டத இந்த அம்மாவும் அவங்க ஆளுங்களும் பிடுங்கிட்டாங்க சார். பயிருக்கு நல்லதுன்னு செஞ்சாங்க. இது அவங்க வேலை. கண்காட்சியில வெச்சா அவங்க பேர்லதான் வெக்கணும்."

முனியம்மாவுக்கே அப்போதுதான் விஷயம் விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டார். வந்தவர் சிரித்தார், சொல்லி அனுப்புகிறேன் என்றார். போனவர் போனவர்தான்.

ஆர்ட்டு சார் இப்போது டைல்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறார். விட்டது தொல்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் நடவு. நாற்றுக் கட்டோடு முனியம்மா பாதிக் கழனியில் நின்றுவிட்டார்.

"அண்ணா, அந்த சாரோட ஆளு படுத்துக்கினு இருந்த எடத்துல நடட்டுமா, வுட்டுடட்டுமா?"

விட்டால் நெல் போகும், ஊர் சிரிக்கும். எனக்கு அலுப்பாக இருந்தது.

"வுட்டுடும்மா. கடைக்கு லீவு போட்டுட்டு வந்தார்னா பாப்பாரு."