லிஃப்ட்காரரின் ரேஸ் சைக்கிள்

லிஃப்ட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டே, டிரையத்லான் வீரர் ஆகிவிடுவது என்று தீர்மானித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அந்த மாபெரும் அறிவிப்பு வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று.

“முதல்ல நீச்சல். கரையேறினதும் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கினதும் ஓட்டம். மூணும் ஒரே மூச்சுல.”

தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. “யாரு துரத்தறா?”

துரத்தியது அவருடைய சரித்திரம்தான். லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுப்பது அவர் உத்தியோகம். நடுவழியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், “பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க” என்று சொல்ல வேண்டும். ஊரையே மேலும் கீழும் அனுப்பிய மனிதர், தான் மட்டும் நாற்காலியை விட்டு அசையாததில் இடுப்பு பெருத்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. கிட்டார் கற்கப் போனவர், விரல் வலிக்கிறது என்று திரும்பி வந்தார். கராத்தேயில் வெள்ளை பெல்ட்டோடு விடைபெற்றார். கல்லூரியில் படிக்கும் மகள், பாதியில் மூடி வைத்த புத்தகத்தைக் காட்டி, “இதை நான் அப்பா பண்ணிட்டேன்” என்று தோழியிடம் போனில் சொன்னதை அவர் காதாலேயே கேட்டிருந்தார். அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றே ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும்!

நீச்சல் தெரியும். ஓட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இடித்தது சைக்கிள்தான். எப்போதோ ஒரு வேகத்தில் வாங்கி, மாடிப்படிக்கடியில் சாத்தி வைத்த பழைய ரோடு பைக். அவர் குறிவைத்திருந்த ஏரிக்கரைப் போட்டிக்கே எதிர் வீட்டுப் பல் டாக்டரும் போகிறார். அவருடைய கார்பன் சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கலாம். தூக்கியும் காட்டுவார், யாரும் கேட்காமலே.

சைக்கிள் கடைக்காரர் பழைய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, நோயாளியின் உறவினரிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“உயிர் இருக்கு சார். முன்னால ஏரோ பார் போட்டுக் குனிஞ்சு ஓட்டினா காத்து முகத்துல அடிக்காது. டயரை மாத்திடுங்க. ரெண்டுக்கும் பெரிய செலவில்லை. ஆனா சக்கரத்தையும் மாத்தினீங்கன்னா பறக்கும் சார்!”

சக்கரத்தின் விலையைக் கேட்டதும் லிஃப்ட்காரருக்கே தரையில் கால் பாவவில்லை.

வீட்டில் நிதி இலாகா மனைவியிடம். அவர் பக்குவமாக ஆரம்பித்தார்.

“ஏம்மா, ஒரு பார் வேணும்.”

“பாரா? காலங்காத்தாலயேவா?”

“ஏரோ பார்!”

“எந்த ஊர் பாரா இருந்தாலும் இந்த வீட்ல காசு கிடையாது.”

விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் காற்று போயிற்று. மனைவி யோசித்தாள். “மாடியில தண்ணி டேங்க் ஒழுகுது. அதை மாத்தினது போக மிச்சம் எவ்வளவோ அதுதான் சைக்கிளுக்கு. மேல கேக்கக் கூடாது.”

மிச்சம் பாருக்கும் டயருக்கும் போதும். சக்கரத்துக்குப் போதாது. ஆனால் மனம் சக்கரத்திலேயே சுற்றியது. சுற்றிய மனத்தில் ஒரு திட்டம் உதித்தது. பழைய சக்கரம் ஆளைக் கொன்றுவிடும் என்று மனைவிக்குப் பயம் வந்துவிட்டால்? தாலி கட்டிய புருஷனுக்காகப் பணப்பெட்டியைத் திறக்காமலா இருப்பாள்?

மறுநாள் பயிற்சிக்குப் போனவர், நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். முழங்காலைச் சுற்றி, கால்பந்து அளவுக்கு ஒரு கட்டு.

“ஐயோ, என்னங்க ஆச்சு?”

“சக்கரம்…” என்று சுவரைப் பிடித்தார். “ஒரேயடியா ஆட்டம். அப்படியே தூக்கி அடிச்சுது. இன்னிக்குத் தப்பிச்சேன். நாளைக்கு…” நாளைக்கு என்ன என்பதைக் கண்ணாலேயே முடித்தார்.

மனைவி வாயில் கை வைத்தாள். கண் கலங்கியது மாதிரிகூட இருந்தது. “உங்க உயிரை விடவா காசு பெரிசு? சைக்கிளை நானே கடைக்கு எடுத்துட்டுப் போறேன். என்ன ஆகுதோ ஆகட்டும்!”

லிஃப்ட்காரர் ஆபீசுக்கு விசிலடித்துக்கொண்டே போனார். அன்றைக்கு லிஃப்ட்டில் மாட்டியவர்களிடமெல்லாம், “என்ஜாய் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டார்.

மாலையில் வாசலில் சைக்கிள் நின்றது. நின்றது என்றால் சும்மா இல்லை, இரட்டை ஸ்டாண்டில். முன்னால் ஒரு கம்பிக் கூடை. இரு பக்கமும் கண்ணாடி. பெரிய மணி. பின்னால் கேரியர். செயினுக்கு மூடி. சக்கரம் மட்டும் அதே பழைய சக்கரம்.

“சக்கரத்துல ஒரு குறையும் இல்லையாம். ஓட்டறவர் வேகமாப் போனாத்தான் விழுவாராம்” என்றாள் மனைவி. “அதான் வேகமே போக முடியாதபடி செஞ்சுட்டேன். மிச்சக் காசெல்லாம் அதுலயே சரியாப் போச்சு.”

லிஃப்ட்காரர் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார். சைக்கிள் அசையவில்லை. இடுப்புதான் அசைந்தது.

அடுத்த நாள் காலைப் பயிற்சியில், பல் டாக்டர் தன் சைக்கிளில் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து, கூடையைப் பார்த்தார். “நல்லதா ஒண்ணு வாங்கியிருக்கீங்க சார். ரெண்டு ட்ரே முட்டை தாராளமா பிடிக்கும்.” சொல்லிவிட்டு அம்பு மாதிரிப் போனார். பதில் சொல்ல வாயெடுத்த லிஃப்ட்காரருக்கு, மணியடிக்க மட்டுமே முடிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி முன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அந்தக் கூடையைக் கழட்டிடேன்.”

“ஏன்? விழுந்துடுவீங்களே.”

“விழமாட்டேன்.”

“தெரியும். நீங்க விழவே இல்லைன்னு அன்னிக்கே தெரியும்.”

“எப்படி?”

“முழங்கால்ல அவ்வளவு பெரிய அடி. பேண்ட்ல ஒரு நூல்கூடப் பிரியலை. தையக்காரிகிட்டயே கதை விடறீங்களா?”

லிஃப்ட்காரர் தலை குனிந்தார். பிறகு மகள் போனில் சொன்னதைச் சொன்னார். ‘அப்பா பண்ணிட்டேன்’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. “ஒரு தடவையாவது கடைசிக் கோட்டைத் தாண்டணும்னு ஆசை. அவ்வளவுதான்.”

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? கூடை எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறேன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். அப்படிப் பேசித்தான் வாங்கினேன். பார், டயர் ரெண்டும் போட்டுத் தரேன். போட்டிக்குப் பேர் குடுக்கறதையும் நானே பார்த்துக்கறேன். நீங்க கடைசிக் கோட்டைத் தாண்டறீங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

மனைவி என்றால் இவளல்லவா மனைவி! லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஏரோ பாரும் புது டயருமாக வண்டி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏறி மிதித்தால் மட்டும் முழங்கால் தாடையில் இடித்தது. “சீட்டு ரொம்ப கீழ இருக்கே?” என்றார். “கடைக்காரர்கிட்ட அளவு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அதுல கை வைக்காதீங்க” என்றாள் மனைவி. அளவு விஷயத்தில் அவளிடம் வாதாடக் கூடாது என்பது ஊரறிந்தது. லிஃப்ட்காரர் தாடையைத் தேய்த்துக்கொண்டே பயிற்சி செய்தார்.

போட்டி நாள். ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். நீச்சல் உடையில் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் பேரைச் சொன்னார் லிஃப்ட்காரர். அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சார், நீங்க ஏன் நீச்சல் டிரஸ்ல வந்திருக்கீங்க? உங்களுது குடும்ப அணி. ஆளுக்கு ஒண்ணு. நீந்தறது உங்க மகள்.”

திரும்பினார். மகள் நீச்சல் தொப்பியோடு கையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால், ஹெல்மெட்டை இறுக்கியபடி, அவருடைய சைக்கிளில் மனைவி.

“நீயா? நீ எப்ப சைக்கிள் ஓட்டின?”

“நீங்க பயிற்சி முடிச்சுட்டு வந்து குறட்டை விடறப்பல்லாம்.” பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்தாள். வருஷக்கணக்காகத் தையல் மெஷினில் குனிந்து மிதித்த முதுகு, அந்த வளைவுக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. “நாள் பூரா நான் பண்றது இதைத்தானேங்க. இங்க வண்டி நகருது, அவ்வளவுதான்.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“ஓடுங்க.”

ஓடினார். வேறென்ன செய்வது? மகள் கூட்டத்துக்கு நடுவில் வந்து கரையேறினாள். மனைவி நிறைய பேரை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் முந்திய அத்தனை பேரையும் லிஃப்ட்காரர் ஒவ்வொருவராக முன்னால் போகவிட்டார். நாக்கு தள்ளியது. கால் பின்னியது. ஒரு திருப்பத்தில் நின்றேவிட்டார். “அப்பா பண்ணிடாதீங்கப்பா!” என்று கூட்டத்திலிருந்து மகள் கத்தினாள். மறுபடி ஓடினார். கோட்டைத் தாண்டினார். தாண்டிய வேகத்தில் புல்லில் மல்லாந்தார். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டபோது அழுகையா வியர்வையா என்று அவருக்கே தெரியவில்லை.

பல் டாக்டர் கார்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“உங்க பழைய வண்டி என்னைத் தாண்டிப் போச்சு சார்! நம்பவே முடியலை. அடுத்த வருஷத்துக்கு இன்னும் என்ன மாத்தப் போறீங்க?”

லிஃப்ட்காரர் கம்பீரமாக எழுந்து உட்கார்ந்தார். சக்கரம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

மனைவி முந்திக்கொண்டாள். “ஓடற ஆளை.”