இருபது மலர்க்கொடிகள்

கோடிங் கற்றுக்கொண்ட முதல் ஆறு மாதத்தில் யாரும் சொந்தக்காரர்களுக்கு உதவி செய்யக் கூடாது. நான் என் அப்பாவுக்கே செய்தேன்.

அப்பா டிரெய்லர் டிரைவர். அவர் போய்வரும் எண்ணூர் கன்டெய்னர் யார்டு வாசலில், யார் முன்னே யார் பின்னே என்று தினமும் சண்டை. "எம் பொண்ணு போன்லயே டோக்கன் போட்டுக் குடுக்கும் சார்" என்று சூப்பர்வைசரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். (என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அவ்வளவு திமிர்.)

டிரைவர்கள் ஏற்கெனவே ஒரு மெசேஜிங் ஆப்பில் குரூப்பாக இருந்தார்கள். அதில் ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் குரூப்புக்குள்ளேயே என் குட்டி வெப் ஆப் திறக்கும். அழுத்தியது யார் என்பதை மெசேஜிங் ஆப்பே எனக்குச் சொல்லிவிடும். அந்தப் பெயரில் டோக்கன் விழும். ஓர் ஆளுக்கு ஒரு டோக்கன்தான். வீட்டில் பத்து முறை சோதித்தேன். பத்து முறையும் ஜம்மென்று வந்தது: "வணக்கம் மலர்க்கொடி! உங்கள் டோக்கன் எண் 1."

சோதிப்பதற்காக, ஆள் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரையே எழுதி வைத்திருந்தேன். அதை அழிக்க மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை யார்டு வாசலில் பெருமையாகப் போய் நின்றேன். முதலில் வந்தவர் ராயபுரம் காதர் மாமா. ஆறடி ஆள், மீசைக்கே தனி லைசென்ஸ் வேண்டும்.

"இன்னாம்மா இது? எனுக்கு உன் பேரு போட்டுக்கீது?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "நாந்தாம்பா மலர்க்கொடி! ஒண்ணாம் நம்பரு! வழி வுடு!"

அதற்கும் பின்னால்: "டேய், நானும் மலர்க்கொடிதாண்டா!"

இருபது டிரெய்லர்கள்; ஆப்புக்கு எல்லோரும் ஒரே மலர்க்கொடி, எல்லோருக்கும் ஒன்றாம் எண். ஒருவரும் பின்வாங்கவில்லை. சூப்பர்வைசர் வெளியே ஓடி வந்து, "யாருய்யா மலர்க்கொடி?" என்று கத்தினார்.

"நாந்தான் சார்!" என்றன இருபது குரல்கள்.

இருபத்தோராவது வண்டியில் அப்பா இருந்தார். வண்டிக் கண்ணாடியை மெல்ல ஏற்றிக்கொண்டார்.

நடைபாதையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அழித்தேன். அதற்குள் சூப்பர்வைசர் சாக்பீஸ் எடுத்து வண்டிக் கதவுகளில் எண் போட்டு முடித்திருந்தார்.

 வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அப்பா சொன்னார்: "உனுக்கு ஒருத்திக்குத்தான் நான் பேரு வெச்சேன். நீ யார்டுக்கே வெச்சுட்டியே!" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து டோக்கன் ஒழுங்காகத்தான் விழுகிறது. அதை யார் பேசுகிறார்கள்? போன வருஷம் என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "மலர்க்கொடிய மேடைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

பின்வரிசையில் பதினொரு மீசைகள் எழுந்து நின்றன.