நாற்காலிக் கடையில் நான் அழித்த ஒரு வரி

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மச்சினி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அக்காவும் வீட்டுச் சுவர்களும் இன்றுவரை விழாமல் நிற்கிறோம். அந்த ஊரில் நீங்களும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். ஏழு தடவை அடித்தும் போனை எடுக்க முடியாத அளவுக்கு வேலை உள்ளவருக்கு என்ன குறை. அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, நான் கேட்கிற ஒரே ஒரு வரியைத் திங்கட்கிழமை கடை திறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள். அது வராவிட்டால் அக்காவுக்கு வேலை போய்விடும். ஆறு வருஷ வேலை, ஒரு வரியில் தொங்குகிறது.

புதன்கிழமை முதலாளி கூப்பிட்டார். எதிர்க்கடை வெப்சைட்டும் நீலம், நம்முடையதும் நீலம், நம்முடையதைச் செங்கல் நிறமாக மாற்று என்றார். நான் பில் அடிக்கிறவள். ஆனால் மூன்று மாடிக் கடையில் வேலை நேரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரே பெண் நான்தான், நின்றுகொண்டு அடித்தால் பில்லில் தப்பு வரும் என்பதால். எனவே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எதுவானாலும் என் தலையில்தான் விழும். அக்காவும் மற்றவர்களும் இருநூறு நாற்காலிகளுக்கு நடுவே காலை பத்து மணியிலிருந்து கடை சாத்தும் வரை நிற்கிறார்கள். ஊழியர் உட்கார்ந்தால் சரக்கு பழசாகிவிடும் என்பது முதலாளியின் சட்டம். கால் பழசாவது பற்றிச் சட்டம் எதுவும் இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அந்த வெப்சைட்டைக் கட்டிக்கொடுத்தவரே நீங்கள்தானே.

நிறமெல்லாம் ஸ்டைல்ஷீட் என்கிற ஃபைலில் இருக்கும், எந்த எழுத்து எவ்வளவு பெரிசு, எந்தக் கட்டம் என்ன நிறம் என்று அதில்தான் எழுதியிருக்கும் என்று கேஷியர் சொன்னார். மூக்கில் கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பாரே, பூதக்கண்ணாடி, அவர்தான். தீம் ஃபோல்டரைத் திறந்தால், அத்தான், பதினொரு ஸ்டைல்ஷீட் வைத்திருக்கிறீர்கள். ஸ்டைல், ஸ்டைல்-புது, ஸ்டைல்-கடைசி, ஸ்டைல்-கடைசிக்கும்-கடைசி, ஸ்டைல்-இதுதான். ‘இதுதான்’ என்று ஒரு மனுஷன் எழுதிவைத்தால் நம்பமாட்டோமா? வியாழக்கிழமை முழுக்க அதில் நீலத்தைத் தேடித்தேடி மாற்றினேன். வெப்சைட் அசையவில்லை. இதுதான் அது இல்லை. அப்புறம் பூதக்கண்ணாடி ஒரு வழி காட்டினார். பக்கத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி உள்ளே பார்த்தால், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று அதுவே சொல்கிறது. அங்கேயே நிறத்தை மாற்றினேன், கடை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது, நான் எழுந்து கைதட்டினேன், பக்கத்தை மறுபடி திறந்தேன், நீலம். அது சும்மா ஒத்திகையாம், எங்கேயும் சேமிக்காதாம். இதை ஏன் சார் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். “நீ கைதட்டினதும் எனக்கே முடிஞ்சிடுச்சுனு தோணிடுச்சும்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒருவழியாகச் சரியான ஃபைலைப் பிடித்தேன் (பெயர் ‘ஸ்டைல்-பழசு’, நீங்கள் நன்றாக இருப்பீர்கள்). நிறத்தை மாற்றிச் சேமித்தேன். நீலம். எழுத்தையாவது பெரிதாக்கிப் பார்ப்போம், மாறினால் ஃபைல் சரிதானே என்று பதினாறை இருபதாக்கினேன். ஒன்றும் இல்லை. நாற்பது. ஒன்றும் இல்லை. ஆத்திரத்தில் தொண்ணூறு வைத்தேன். என் திரையில் எல்லாம் பழையபடி சாதுவாக இருந்தது. ஏதோ ஒரு வரி வழியை அடைக்கிறது என்று மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் ‘டிஸ்ப்ளே நன்’ என்று இருந்தது. பூதக்கண்ணாடியிடம் கேட்டேன், இருக்கிறதை இல்லாத மாதிரி காட்டு என்று அர்த்தமாம். இதுதான் என் செங்கல் நிறத்தை மறைக்கிற திருடன் என்று அதையும், கைக்கு வந்த அக்கம்பக்கத்தையும் சேர்த்து அழித்தேன். அப்போதும் நீலம். போ சனியனே என்று சாப்பிடப் போய்விட்டேன்.

கம்ப்யூட்டர் ஒரு தடவை பார்த்த பக்கத்தை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு அதையேதான் காட்டும், வெளியே என்ன நடந்தாலும் கண்ணைத் திறக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் திரை மட்டும்தான் பழசு, அத்தான். உலகத்துக்கே நான் பண்ணினது தெரிந்துகொண்டிருக்கிறது. “அப்படியே முதலாளி மாதிரி” என்றார் பூதக்கண்ணாடி, சாயங்காலம், எல்லாம் முடிந்தபிறகு.

நடந்தது என்னவென்றால், ஒரு பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு நாற்காலி வேண்டும் என்று அதன் மேலாளர் அம்மா வந்திருந்தார். இரண்டாம் மாடி. முதலாளியே கூட ஏறிப்போய் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா விலை பார்க்கக் கைப்பேசியில் நம் வெப்சைட்டைத் திறந்தார். செங்கல் நிறத்தில், தொண்ணூறு அளவு எழுத்தில், நாற்காலிப் படங்களுக்குக் கீழே வாடிக்கையாளர்கள் எழுதியிருந்த மூன்று வருஷக் கருத்துகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பின்கால் ஆடுகிறது. ஆறே மாதத்தில் முதுகுப்பலகை கழன்றுவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. நான் அழித்த வரி மறைத்து வைத்திருந்தது இவ்வளவையும்தான். நான் படியேறி வரும்போது அந்த அம்மா ஒன்றைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்:

“இந்த நாற்காலியை நாலு வருஷமாக விற்கிறேன். ரொம்பச் சொகுசு என்று தினமும் சொல்கிறேன். ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள், நிஜமாகவே சொகுசுதானா? இப்படிக்கு, விற்பனைப் பெண், இரண்டாம் மாடி.”

இரண்டாம் மாடியில் விற்பனைப் பெண் ஒருத்திதான், அத்தான். அக்கா அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மேலாளர் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா, நீயே பாத்துச் சொல்லு” என்றார். முந்நூறு நாற்காலி கைநழுவுகிற பயத்தில் முதலாளியும், “உக்காரு, உக்காரு, யார் வேணாங்கிறா” என்றார். ஆறு வருஷத்தில் முதல்முறை. அக்கா நாற்காலியைப் பார்த்தாள்.

“வேண்டாம் மேடம்” என்றாள். “இதுல பின்கால் ஆடும். பசங்க உக்காருற நாற்காலி, வேற பாருங்க.”

அந்த அம்மா அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அமைதியாகத்தான் சொன்னார். “ரெண்டு வருஷம் முன்னாடியே நீ எழுதினதைப் பாத்துட்டேன். எல்லாத்தையும் மறைச்சு வைனு சொன்னேன், அவனும் மறைச்சு வச்சான். உன் புருஷன்தானேம்மா. உங்கிட்ட சொல்லலையா?” அப்புறம் என் பக்கம் திரும்பி, திங்கட்கிழமைக்குள் எல்லாம் பழையபடி ஆகவில்லை என்றால் அக்கா வர வேண்டியதில்லை என்றார்.

அக்கா எழுதிய ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது, அத்தான். வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு எழுதினாள். பத்து நாள் கழித்து, நான் எழுதினது வரவே இல்லையே என்று உங்களைக் கேட்டாள். ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்றீர்கள். பார்த்தீர்கள்தான். கேட்டவன் முதலாளி, செய்தவர் நீங்கள், இதில் யார்மேல் கோபப்படுவது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இரண்டு பேர் மேலும் படுகிற அளவுக்குக் கோபம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த அக்கா உட்காரக்கூட இல்லை.

இன்று மத்தியானம் நானே ஞாபகத்திலிருந்து அந்த வரியை எழுதிப் போட்டேன். இப்போது பூதக்கண்ணாடியின் கைப்பேசியில்தான் சரிபார்க்கிறேன், என் திரையை நம்புவதில்லை. கருத்துகள் மறைந்தன. நாற்காலிகளும் மறைந்தன. கடை பெயரும் மறைந்தது. வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லை. பயந்துபோய் எடுத்துவிட்டேன். எனவே, அத்தான், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், நீங்கள் எழுதிய அந்த வரியை எழுத்துப் பிசகாமல் அனுப்புங்கள். எனக்கு அதைப் போட மனசில்லை. ஆனால் வாடகையும் அரிசியும் அக்கா சம்பளத்தில்தான் வருகின்றன.

உங்கள் உடம்பையும் போனையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பெரியவர்கள் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. சின்னவளான நான் இந்த ஒருமுறை மட்டும் மன்னிக்கச் சொல்லிக் கடவுளிடம் சிபாரிசு செய்கிறேன்.

இப்படிக்கு,
பில் அடிக்கும் மச்சினி

பி.கு.: அனுப்பப் போகும் நேரத்தில் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் வெப்சைட் திறந்திருந்தது. நீலம். சாதுவான எழுத்து. ஒரு கருத்தும் இல்லை. “பரவாயில்லையே, திங்கட்கிழமைக்கு முன்னாடியே முடிச்சிட்டே. நீலமே இருக்கட்டும், அதான் லட்சணம். உங்க அக்காவை வரச் சொல்லு” என்றார். நான் ஒன்றுமே செய்யவில்லை, அத்தான். வெளியே வந்து பூதக்கண்ணாடியின் கைப்பேசியில் பார்த்தேன். செங்கல் நிறம், தொண்ணூறு அளவு, அக்கா எழுதினது முதல் பக்கத்தில். கீழே புதிதாக யாரோ, “இல்லைம்மா, சொகுசு இல்லை” என்று பதிலும் போட்டிருக்கிறார்கள். அவருடைய கம்ப்யூட்டர் என்றைக்குக் கண்ணைத் திறக்குமோ, அதுவரை இப்படியே இருக்கட்டும். ஆகவே அந்த வரியை அனுப்ப வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள். அக்கா ஒன்று சொல்லச் சொன்னாள்: வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறதாம், அதில் இனிமேல் அவள் உட்கார்ந்திருப்பாளாம்.