ஓரத்தில் நின்று ஓட்டுகிறவர்

ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர் என்று இரண்டே இனம்தான் உண்டென்று இதுவரை நீங்கள் நம்பி வந்திருந்தால், மூன்றாவது ஒன்றை அறிமுகப்படுத்துகிறேன். இவர் ஓடமாட்டார். சும்மா நின்று பார்க்கவும் மாட்டார். சாலை ஓரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, ஓடுகிறவன் காலை ஏன் அப்படி வைக்கிறான், கையை ஏன் இப்படி வீசுகிறான், மூச்சை வாயால் விடச் சொல்லி இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்றெல்லாம் விசாரித்து, அதட்டி, திருத்தி, அவனைத் தாமே ஓட்டிக்கொண்டு போவார். ஓடுகிறவர்கள் இருபது பேர் என்றால் இவர்கள் இருநூறு பேர்.

இந்த இனம் செழித்து வளர்ந்திருப்பதைக் காண விரும்புகிறவர்கள், வருடந்தோறும் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் நடத்தும் வண்டிப்பெரியார் நகர சர்வதேச மாரத்தானுக்கு வர வேண்டும். வண்டிப்பெரியாரை நகரம் என்று அன்று ஒருநாள் மட்டும் சொல்லிக்கொள்வோம். மாரத்தான் என்றால் இருபத்தாறு மைல். இங்கிருந்து அவ்வளவு தூரம் ஓடினால் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டில் போய் விழ வேண்டியிருக்கும் என்பதால், பீர்மேட்டில் தொடங்கி, ஒன்பது மைல் இறக்கத்தில் ஓடி, எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாசலில் முடித்துக்கொள்கிறோம். சர்வதேசத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் போதும். முதல் வருடம், தேக்கடிக்கு யானை பார்க்கப் போய்க்கொண்டிருந்த தாடிக்காரர் ஒருவரைக் கமிட்டியார் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார்கள்.

நான் எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா. பந்தயத்தில் நேரம் குறிப்பது என் வேலை. அதற்காக முன்னால் போகும் ஜீப்பில் எனக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் பாதியை ஒவ்வொரு வருடமும் குருசாமிக் கங்காணி எடுத்துக்கொள்வார்.

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களின் பின்னால் நின்று வேலை வாங்கியவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், யாராவது அசைந்தால் அவர்களுக்குப் பின்னால் போய் நிற்காமல் இவரால் இருக்க முடியாது. பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பே டீக்கடையில் ஓட்டக்காரர்களின் கெண்டைக்கால் சதையைப் பிடித்துப் பார்ப்பார். பச்சை முட்டை குடி என்பார். ஒரு ரகசியம், வெளியே சொல்லாதே, முதல் நாலு மைல் அடக்கி ஓடு என்று இருபது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். ஒருவன் ஜெயிப்பான், அவன் கங்காணி சொன்னதைக் கேட்டவன். பத்தொன்பது பேர் தோற்பார்கள், அவர்கள் கேட்காதவர்கள். இந்தக் கணக்கில் அவர் எப்படித் தோற்க முடியும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருடப் பந்தயத்துக்குக் கம்பெனி ஒரு பரிசு அறிவித்தது. முதலில் வருகிறவருக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை, அதோடு லயத்தில் ஒரு வீடு. லயம் என்றால் எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகள். சோலை என்ற தற்காலிகத் தொழிலாளி அதைக் கேட்டதிலிருந்து ஓட ஆரம்பித்தான். மலைச்சரிவிலிருந்து ஈரக் கொழுந்துச் சாக்கை, துணியைச் சுருட்டிய சும்மாட்டின் மேல் தலையில் சுமந்து எடைக் கொட்டகைக்குக் கொண்டுவருவது அவன் வேலை. அண்ணன் வீட்டு ஓரறையில் ஒன்பது பேரோடு பத்தாவதாக அவனும் பதினோராவதாக அவன் மனைவி பூமாரியும் படுத்துக்கொண்டிருந்தார்கள். பூமாரிக்கு ஐந்து மாதம்.

காலை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயம், சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்த பதினொரு மணிக்குத் தொடங்கியது. அந்த வருடத்து வெள்ளைக்காரர், ஃபேக்டரியில் இயந்திரம் பொருத்த வந்திருந்த டென்மார்க்காரர். கங்காணி அவருடைய கெண்டைக்காலையும் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஓடாது என்று என்னிடம் சொன்னார்.

சோலை ஓடினான். முதல் நாலு மைலை அடக்காமலே ஓடினான். கங்காணி ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அவன் கேட்காத யோசனையைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். நானும் சும்மா இருக்கவில்லை. பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் குடித்துக்கொண்டே, தோளைத் தளர்த்தி ஓடு என்று இரண்டு தரம் சொன்னதாக ஞாபகம். கடைசி வளைவுக்கு அவன் வந்தபோது, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் மிக்கேல்ராஜ் அவனுக்கு நூறு கஜம் பின்னால் இருந்தார். டென்மார்க்காரர் அதற்கும் பின்னால், முகம் தக்காளியாகச் சிவந்து வந்துகொண்டிருந்தார். ஃபேக்டரி வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலில் பூமாரி வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

ஞாயிறானாலும் எங்கள் ஃபேக்டரிச் சங்கு ஊதும். ஊருக்கே அதுதான் கடிகாரம். வேலை நாளில் அந்தச் சங்கு கேட்டதும் கங்காணி விசிலடித்து, சுமையை இறக்கச் சொல்லுவார். எல்லோரும் நின்று, இறக்கி, எடைக்கு வரிசையில் நிற்பார்கள். முப்பது வருடப் பழக்கம், ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்குமா? சாலை ஓரத்தில் நின்ற குருசாமிக் கங்காணியின் கை தானாகப் பைக்குள் போனது. விசில் வாய்க்கு வந்தது. நீளமாக ஒன்று ஊதிவிட்டு அவர் கத்தினார்:

"ஏலேய், இறக்கி வையி."

சோலை நின்றான். தலையில் இல்லாத சாக்கை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, கொழுந்து கசங்காதபடி மெதுவாகச் சாலை ஓரத்தில் இறக்கி வைத்தான். மிக்கேல்ராஜும் நின்றார்; கையில் இல்லாத கவாத்துக் கத்தியை வைக்க இடம் தேடினார். டென்மார்க்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஓடிப்போய் நாடாவை அறுத்தார்.

நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

கமிட்டி கூடி விதியைப் படித்தது. முதலில் வந்தவருக்குத்தான் பரிசு. இரண்டாமவருக்கு மாற்றிக் கொடுக்க விதியில் இடமில்லை. ஆகவே டென்மார்க்காரருக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலைக்கான உத்தரவும், பதினேழாம் நம்பர் லயத்து வீட்டின் சாவியும் மேடையில் வழங்கப்பட்டன. அவர் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாவி மிகவும் அழகாக இருக்கிறது என்று சொல்லி, அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது நினைவுப் பொருளாகக் கொண்டுபோய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது.

கங்காணி கலங்கினாரா என்று கேட்பீர்கள். சாயங்காலம் டீக்கடையில், சோலை எந்த இடத்தில் தவறு செய்தான் என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். சங்கு ஊதினால் அதுபாட்டுக்கு ஊதட்டும், கவனத்தை விடலாமா என்று அவர் கேட்டபோது, சோலை தரையைப் பார்த்தபடி நின்றான். கூட நின்ற பூமாரி தரையைப் பார்க்கவில்லை.

"நீங்கதானய்யா இறக்கச் சொன்னீங்க" என்றாள்.

"நான் வேலைக்காரனுக்குச் சொன்னேன், தாயி. ஓட்டக்காரனுக்கா சொன்னேன்?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் இந்த இனத்தின் அடையாளம்.

உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பீர்கள். நல்லது. ஆனால் சற்றுமுன் சோலை நின்ற இடத்தைப் படித்தபோது, 'நிற்காதே, ஓடு' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? அவன் இப்படிச் செய்திருக்கலாம், அப்படிச் செய்திருக்கலாம் என்று ஒரு யோசனை தோன்றியதா? அப்போது நீங்கள் ஓடிக்கொண்டா இருந்தீர்கள்? சாய்ந்து உட்கார்ந்துதானே இருந்தீர்கள்? கையில் காப்பிகூட இருந்திருக்கும்.

அடுத்த தை மாதத்துப் பந்தயத்துக்குச் சோலை பெயர் கொடுத்துவிட்டான். பரிசு அதே வேலை, அதே வீடு. பூட்டை உடைத்துக் கொடுப்பதாகக் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கடைசி வளைவில், இடுப்பில் பிள்ளையோடு பூமாரி நிற்கப்போகிறாள். பக்கத்தில் ஈரக் கொழுந்து அடைத்த சாக்கு ஒன்று இருக்குமாம், முப்பது கிலோ. ஓரத்தில் நின்று வாயைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் அதைத் தலையில் ஏற்றி ஃபேக்டரி வரைக்கும் ஓடச் சொல்வாளாம். கங்காணி இதைக் கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அடுத்த வருடம் ஜீப்பில் எனக்குப் பதிலாக வேறு ஆளைப் போடும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் அவசியம் வாருங்கள். சும்மாடு மட்டும் கொண்டு வந்துவிடுங்கள்.