சார்பில் சுற்றிய கர்லாக்கட்டை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டியவர் தாய்மாமன். குமுதவல்லிக்குப் பகவான் கொடுத்த ஒரே மாமா வீரராகவன். திருச்சியில் ஓர் ஆபீசில் ஹெட்கிளார்க். நாற்காலியிலேயே ஐம்பதைத் தொட்டவர். அவர் குடையைக்கூடப் பியூன் வரதுதான் தூக்கி வருவான்.

"அண்ணா, தையில் கல்யாணம். நீ தூக்காவிட்டால் சம்பந்தி மனுஷா சிரிப்பா. என் பொண்ணு தலை குனிஞ்சு நிக்கணுமா?" என்று கண் கலங்கினாள் அவர் தங்கை, குமுதவல்லியின் அம்மா வேதவதி.

ரங்கநாதர் கண் திறந்தார். அந்த வாரமே ஆபீசுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. உட்கார்ந்தே உழைக்கும் உத்தியோகஸ்தர்களின் தசைகள் வற்றிப்போவதாலும், பளு தூக்கினால் அவை வயதான பிறகும் தேறும் என்று டாக்டர்கள் சொல்வதாலும், இனி தினமும் கர்லாக்கட்டை சுற்றவேண்டியது. அப்போது ஊரெங்கும் அதே மோகம்தான்.

கட்டைகள் வந்து இறங்கின.

"வரது, ஆபீசில் தூக்குகிற வேலை யாருது?"

"என்னுதுதான் சார்."

"நான் தூக்கினால் உன் வேலையில் தலையிட்டதாகாதா?"

"ஆகும் சார்."

ஆகவே வரது சுற்றினான். வீரராகவன் நாற்காலியிலிருந்து மேற்பார்வை பார்த்தார். பார்த்த களைப்புக்குப் பாதாம்பாலும் குடித்தார். 'முன்னேற்றம் மிகவும் திருப்திகரம்' என்று மேலே எழுதினார். பொய்யில்லை. வரதுவுக்குப் புஜம் பருத்துச் சட்டைக் கை பிய்ந்துவிட்டது.

"அண்ணா, இந்தத் தீர்த்தக் குடத்தையாவது இறக்கி வையேன்," என்பாள் வேதவதி.

"உத்தரவில் குடம் இல்லையே அம்மா."

கல்யாண நாள். மாப்பிள்ளை அவன் மாமா தோளில் ஏறிவிட்டான். வீரராகவன் குந்தினார். குமுதவல்லி தோளில் உட்கார்ந்தாள்.

"எழுந்திருங்கோ மாமா!"

மாமா எழுந்திருக்கவில்லை. பந்தல் சிரிக்கத் தொடங்கியது. வேதவதி முகத்தை மூடிக்கொண்டாள்.

"வரது!"

"பொண்ணை நான் தொடப்படாது சார்."

"அவளை யாருடா தொடச் சொன்னா? என்னைத் தூக்கு!"

பெண்ணை மாமா தூக்க, மாமாவை வரது தூக்க, சகலமும் முறைப்படி நடந்தேறி மாலை விழுந்தது. "இது மாமாவா, மூட்டையா?" என்று சம்பந்தி தாசில்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பக்கத்துப் பெரிய மனிதர்களும் சிரித்தார்கள்.

பிறகு பந்தி. மோர்சாதம் வரை எல்லோரும் ஒரு பிடி பிடித்தார்கள். சாப்பாடு முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தாசில்தார் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். மறு கையையும் ஊன்றினார். இரு பக்கமும் பார்த்தார். வரிசை முழுக்கக் கையை ஊன்றியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா வரது," என்றார் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கை கொடு."

எதிர் இலையிலிருந்து, தாமும் எழுந்திருக்க முடியாமல், வீரராகவன் கனைத்தார்.

"மனு என் மூலமாக வரட்டும்."