துரத்தி வந்த சங்கு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பேன். கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. பதில் வராவிட்டால் அவர்கள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்து பார்ப்பேன். இந்த வியாதியால் மாம்பலத்தையும் மயிலாப்பூரையும் ஒரே காலையில் குழிக்குள் இறக்கியவன் நான். பீற்றிக்கொள்ளவில்லை, வாக்குமூலம் கொடுக்கிறேன்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம். ஜப்பான்காரன் இன்றைக்குக் குண்டு போடுவான், நாளைக்குப் போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆபத்து வந்தால் சங்கு ஊதும், ஊதினால் பதுங்குகுழிக்குள் குதிக்க வேண்டும் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு வயது பத்தொன்பது. பயம் மட்டும் தொண்ணூறு வயதுக்குரியது. தென்னை மட்டை விழுந்தால்கூடக் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். (அப்பா என்னைத் தேடும்போது முதலில் குனிந்துதான் பார்ப்பார்.)

அப்பாவுக்கு மயிலாப்பூரில் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை. மாட்டுவண்டிகளெல்லாம் ஊரைவிட்டு ஓடுகிறவர்களுக்கு வாடகைக்குப் போய்விட்டதால், பழைய லாரி ஒன்றை வாங்கினார். வாங்கிய வாரமே அத்தை வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாம்பலத்திலிருந்து அவர்களைச் சாமான்களோடு திருப்போரூரில் கொண்டுபோய் விடவேண்டும். அத்தை மகள் அம்சாவை எனக்குத்தான் கொடுப்பது என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. ஆனால் அவள் அப்பா வீராசாமி மாமாவுக்கு என்மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பெரம்பூரில் ரயில்வே வேலைக்காரன் ஒருவனையும் பார்த்து வைத்திருந்தார்.

"பயலுக்கு சாமர்த்தியம் கீதான்னு பாக்கறேன். எங்கள பத்திரமா ஊருல எறக்கி உடட்டும். ஆவணில கல்யாணம் பேசலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். இல்லாவிட்டால் பெரம்பூர்தான். எனக்கு அன்றிலிருந்து ஜப்பான்காரனைவிட ரயில்வேக்காரன்மேல்தான் பயம் அதிகமாகிவிட்டது.

இனி லாரிக்கு வருகிறேன். பெட்ரோல் ரேஷன் காலம். வண்டியின் முதுகில் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். எங்கள் லாரியும் அப்படித்தான். அதை விற்றவர் 'லாரி' சபாபதி. மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. வண்டியை ஒப்படைக்கும்போது அப்பாவையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னார்:

"ரெண்டே விசயம். கரி வாயு வர்ற வழில ஃபில்டர் கீது பாரு, அதுக்குள்ள தேங்கா நாரு. தெனம் அத்த வெளில எடுத்து அலசிக் காய வெச்சுப் போடணும். ஆனா கியர் பொட்டி கீது பாரு, அத்த மட்டும் தொடாதே. ஒரு வருசத்துக்கு அந்த எண்ணெய மாத்தவே கூடாது."

"ஏன்?" என்றேன்.

"ஏன்னா? தொடாதேன்னா தொடாதே."

நான் மூர் மார்க்கெட்டில் வாங்கிய இங்கிலீஷ் லாரிப் புத்தகத்தை அக்குளிலிருந்து எடுத்தேன். "பழைய வண்டி வாங்குனா மொதல் வேலையா கியர் எண்ணெய மாத்தணும்னு இதுல போட்டிருக்கு. தேங்கா நாரப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லியே?"

சபாபதி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். "இத்த எழுதுனவன் இந்த வண்டிய பாத்துகிறானா, நைனா?"

"சும்மா கெடடா. அவரு எத்தினி வண்டி பாத்தவரு" என்று அப்பா என்னை அடக்கினார்.

அடங்குகிற ஆளா நான்? ராத்திரியெல்லாம் யோசித்தேன். செய்ய வேண்டியதைச் செய்யாதே என்கிறான், புத்தகத்தில் இல்லாததைத் தினமும் செய் என்கிறான். இதில் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். (முடிவு சரிதான். அதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு.) பத்து நாள் நாரைத் தொடவே இல்லை. மாம்பலம் போகவேண்டிய அன்று விடியற்காலை அப்பா காசிமேட்டுக்குக் கட்டை பார்க்கப் போயிருந்த நேரத்தில், லாரிக்கு அடியில் படுத்துக் கியர் பெட்டியின் அடிமூடியைத் திருகினேன்.

எண்ணெய் என்றா சொன்னேன்? கேழ்வரகுக் கூழ்! கட்டிகட்டியாக, பழுப்பாக, தொப் தொப்பென்று விழுந்தது. "பாத்தியா, எவ்ளோ அழுக்கு!" என்று எனக்கு ஒரே ஆனந்தம். சபாபதியைப் போலீசில் மாட்டிவிட அத்தாட்சியாக அதை ஒரு டின்னில் பிடித்து வைத்தேன். பெட்டியை மண்ணெண்ணெய் ஊற்றிப் பளபளவென்று கழுவி, புத்தகத்தில் சொன்னபடி புது எண்ணெய் ஊற்றினேன். டிரைவர் தனகோடி பல் குச்சியோடு வந்து நின்று பார்த்தார்.

"அவரு தொடாதேன்னாரே?"

"அவரு சொன்னா?"

"இன்னா?" என்றார். தனகோடிக்குக் காது மந்தம். பதினைந்து வருஷம் லாரி ஓட்டிய பலன். நான் கத்தியதும் "உன் இஷ்டம், தொரை" என்று வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

காலி வண்டி. புறப்படும்போது லேசாக ஒரு முனகல் கேட்டது, டாப் கியர் போட்டதும் நின்றுவிட்டது. மாம்பலம்வரை வெண்ணெய் மாதிரி போனோம். நான் புத்தகத்தைத் தடவிக்கொண்டே வந்தேன்.

அத்தை வீட்டில் ஏற்றிய சாமான்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டில், ஆட்டுக்கல், நெல் மூட்டை, கோழிக்கூடு, கதவு ஒன்று. (ஜப்பான்காரன் கதவைத் திருடுவான் என்று மாமா எங்கிருந்து கேள்விப்பட்டாரோ.) அத்தையும் மாமாவும் அம்சாவும் மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். நான் முன்னால், தனகோடி பக்கத்தில். போகிற வழியில் மயிலாப்பூரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு அடையாறு பாலம் தாண்டிவிட வேண்டும் என்பது திட்டம்.

பாரத்தோடு வண்டி நகர்ந்ததுமே இருமியது. பத்து நாள் அலசாத நார் அடைத்துக்கொண்டதில் கரி வாயு சரியாக வரவில்லை.

"இழுக்க மாட்டேங்குது. மேல் கியர் எடுக்காது. ரெண்டாவதுலயேதான் போவணும்" என்றார் தனகோடி.

அப்போதுதான் அது கேட்டது. ஊ... என்று எங்கிருந்தோ மெதுவாகக் கிளம்பி, ஏறி, ஏறி, உச்சிக்குப் போய், அப்படியே இறங்கி, மறுபடி ஏறியது.

"சங்கு! சங்கு ஊதுது! ஜப்பான்காரன் வந்துட்டான்!"

"ஆரு வந்துட்டான்?" என்றார் தனகோடி.

"ஜப்பான்காரன்! ஓட்டு! வேகமா ஓட்டு!"

அவர் அழுத்தினார். வேகம் கூடக்கூடச் சங்குச் சத்தமும் கூடியது. சாலையில் ஜனங்கள் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். பாதி முகத்துக்கு நுரை போட்ட ஆளை அப்படியே விட்டுவிட்டு நாவிதர் ஓடினார், நுரையோடு அந்த ஆள் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஜட்காக் குதிரை நடுத்தெருவில் நின்று எதிர்த்துக் கனைத்தது. பின்னாலிருந்து மாமா, "முருகா! முருகா!" என்று வண்டியின் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தட்டும் எனக்குக் குண்டு விழுகிற மாதிரியே கேட்டது. தேனாம்பேட்டை தாண்டினோம், சத்தம் பின்னாலேயே வந்தது. ஆழ்வார்பேட்டை தாண்டினோம், விடவில்லை. பட்டணத்தில் இத்தனை சங்கா வைத்திருக்கிறார்கள் என்று சர்க்கார்மேல் ஒரு நிமிஷம் மரியாதைகூட வந்தது. மேலே பார்த்தேன். ஒரு பருந்து. அதுவும் என் கண்ணுக்கு இரண்டு எஞ்சினோடு தெரிந்தது.

லஸ் அருகில் இரும்புத் தொப்பி போட்ட ஏ.ஆர்.பி. (வான்தாக்குதல் காப்புப் படை) வார்டன் விசிலை ஊதிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். "சங்கு ஊதுது, எங்கடா வண்டி ஓட்டறே? எறங்கு! குழிக்குப் போ!"

வண்டி நின்றது. கையில் கிடைத்த கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக் குழியை நோக்கி ஓடினேன். உள்ளே நூறு பேர் இருப்பார்கள். சாந்தோம் பக்கத்து மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பாய் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதது. எனக்கும் அப்படி யார் முகத்தையாவது பார்த்து அழவேண்டும்போல இருந்தது. கபாலீஸ்வரருக்கு மொட்டை, பார்த்தசாரதிக்கு மொட்டை, இருக்கிற ஒரே தலையை இரண்டு சாமிக்கும் நேர்ந்துகொண்டேன். இன்றோடு சரி, ஆவணியைப் பார்க்கப் போவதில்லை என்று நிச்சயமாக நினைத்தேன்.

குண்டு விழவில்லை. சத்தமும் இல்லை. கால்மணி நேரம் போனதும் ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். உடனே மறுபடி ஊ... எல்லோரும் தொபதொபவென்று உள்ளே விழுந்தோம். அடங்கியது. எழுந்தோம். மறுபடி ஊ... விழுந்தோம். மூன்றாவது தடவை மீன்கூடை என் தலையில் கவிழ்ந்தது.

அம்சா மட்டும் விழவில்லை. குழியின் விளிம்பில் முகவாயை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இங்க பாரு" என்று என்னைக் கூப்பிட்டாள். "தனகோடி அண்ணன் வண்டிய நெழலுக்கு எடுத்துகினு கீறாரு. எடுத்தா சங்கு ஊதுது. நிறுத்துனா நின்னுடுது. ஜப்பான்காரன் நம்ம வண்டிக்குள்ளயா கீறான்?"

நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் காதிலிருந்து ஒரு நெத்திலி விழுந்தது.

வார்டன் தனகோடியை வண்டியை நகர்த்தச் சொன்னார். ஊளையிட்டது. நிறுத்தச் சொன்னார். நின்றது. நான் கியர் பெட்டி, புத்தகம், புது எண்ணெய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்புவித்தேன். முடிப்பதற்குள் வீராசாமி மாமாவின் கை என் கன்னத்தில் இறங்கியது. "ரயில்வேக்காரன் இன்னிக்கே வந்து தாலி கட்டட்டும்!" என்று கத்தினார். "என் மீனெல்லாம் போச்சே, நீ வெளங்குவியா?" என்று மீன்காரம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

"பொய்ச் சங்கு ஊதுனா ஜெயிலு, தெரியுமா?" என்று வார்டன் நோட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு நோட்டை மூடிவிட்டார். "லாரி ஊள உட்டுச்சு, நூறு பேரு குழில குதிச்சாங்கோன்னு நான் எப்டி எழுதறது? என்னத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவானுங்கோ."

ஆனால் சும்மா விடவில்லை. தொட்டிவரை லாரிக்கு முன்னால் நானே நடந்துபோய் ஜனங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தண்டனை. அப்படியே மாடவீதி முழுக்க நடந்தேன். தலையில் மீன் செதில், பின்னால் ஊளையிடும் லாரி. "சங்கு இல்லீங்கோ! லாரிதாங்கோ! பயப்படாதீங்கோ!" ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு. கொஞ்சம் முன்னால் செத்துப்போயிருந்தால் தேவலை என்று தோன்றியது.

தொட்டியில் அப்பா வந்திருந்தார். நான் அத்தாட்சி டின்னை நீட்டினேன். அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"தேக்கு" என்றார். "மரத்தூளுடா. தேய்ஞ்ச கியர் பல்லு கத்தாம இருக்கறதுக்காக அந்த சபாபதி திணிச்சு வெச்சிகிறான். விறகுத் தொட்டில பொறந்துட்டு உனுக்கு மரத்தூளு தெரியல, அழுக்குன்ற!"

மறுநாள் சபாபதியிடம் சண்டைக்குப் போனோம். "மரத்தூளப் போட்டு ஏமாத்துனியே?" என்று அப்பா கேட்டார். அவர் அசரவில்லை.

"அதுக்குத்தான் தொடாதேன்னேன்."

"நான்தான் காரணம் கேட்டேனே!" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவேனா?" என்றார். இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அத்தை வீட்டார் எப்படியோ ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துத் திருப்போரூர் போய்ச் சேர்ந்தார்கள். பெரம்பூர்க்காரன் பெண் பார்க்க வந்தான். நான் கட்டிலுக்கு அடியில் ஒரு வாரம் கிடந்தேன். ஆனால் அம்சா அவனுக்குக் காபி கொண்டுவர மாட்டேன் என்று அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாளாம். மாமா அடித்தும் பார்த்தார், அவள் திறக்கவில்லை. ஆவணியில் எனக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆனது. இரண்டு மொட்டையும் போட்டு, முடி முளைக்காத மாப்பிள்ளை.

அன்றிலிருந்து நான் துணிக்கடையிலோ டாக்டரிடமோ குறுக்குக் கேள்வி கேட்க வாயைத் திறந்தால், அம்சா பின்னால் நின்று "ஊ..." என்று மெல்ல ஆரம்பிப்பாள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், இப்போது பேரன் பேத்திகளும் சேர்ந்து ஊதுகிறார்கள். போன மாதம் வந்த டாக்டர், வீட்டில் யாருக்கு வலிப்பு என்று பதறிப்போனார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு பேத்தி அவளைக் கேட்டாள், "இப்படி ஒரு ஆளை எதுக்குப் பாட்டி கட்டிக்கிட்டே?"

"அன்னிக்கு வண்டிலேர்ந்து எறங்கி ஓடும்போது என் கையப் புடிச்சுகினுதான் ஓடுனாரு" என்றாள் அம்சா.

உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். "அம்சா, பயத்துல ஆரு கைன்னே தெரியாம புடிச்சேன்."

"தெரியும். 'அத்தே, அத்தே'ன்னு கூப்டுகினே ஓடுனே" என்றாள். அப்புறம் பேத்தியின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்: "குழிக்குள்ள எங்கப்பா இவர அறைஞ்சாரு. இவரு கைய ஓங்கவே இல்ல, கன்னத்தப் புடிச்சுகினு அழுதாரு. எங்கம்மா அப்டி அழுது நான் பாத்துகிறேன், ஒரு ஆம்பள அழுது பாத்ததில்ல. இந்த மனுசன் என்னிக்கும் என்ன அடிக்க மாட்டான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.